கோட்டைக்குக் கீழே தெரிந்த ஊர்

எமில் ரோத்துக்கு ஞாயிற்றுக்கிழமை பம்பாயில் இருக்கப் பிடிக்காது.

சனிக்கிழமை சாயங்காலம் தாராவியில் தோல்ஷாப் வேலை முடிந்ததும், கையில் ஏறியிருக்கும் தோல் வாடை போகக் கடலைமாவு போட்டுத் தேய்த்துக் கழுவுவார். பிறகு மாட்டுங்காவில் இருந்த தன் அறைக்கு நடந்தே வந்து, சர்வே வரைபடத்தை மேஜைமேல் விரித்துப்போட்டு உட்காருவார். ரயில் எங்கே நிற்கிறது, பஸ் எதுவரை போகிறது, அதற்கு அப்பால் என்ன பெயர் போட்டிருக்கிறது என்று பார்ப்பார். ஊருக்கெல்லாம் தெரிந்த இடங்களில் அவருக்கு ஆசை கிடையாது. எலிபெண்டா குகைக்கு வெள்ளைக்காரர்கள் படகு படகாகப் போவார்கள், அவர் போனதில்லை. கடைசி பஸ் நிற்கும் இடத்தில் இறங்கி, ஒரு டீ வாங்கிக் குடித்துவிட்டு, "இதற்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது?" என்று தன் ஓட்டை மராத்தியில் கேட்பார். டீக்கடைக்காரர் பெரும்பாலும் ஒன்றுமில்லை என்பார். எமில் அந்தப் பக்கமாக நடக்க ஆரம்பிப்பார்.

வியன்னாவில் பிறந்தவர். தோல் பதனிடும் ரசாயனம் படித்தவர். ஹிட்லர் ஆட்கள் அவர் ஊருக்குள் வந்த வருஷம் கப்பலேறிப் பம்பாய் வந்து இறங்கினார். யுத்தம் முடிந்த பிறகு தாராவியில் திருநெல்வேலி முஸ்லிம் ஒருவர் நடத்திய தோல்ஷாப்பில் கெமிஸ்டாகச் சேர்ந்து, அங்கேயே நிலைத்துவிட்டார். சுற்றிலும் எல்லாரும் திருநெல்வேலிக்காரர்கள் என்பதால் அவருக்கு வந்த தமிழும் அந்த ஊர்த் தமிழாகவே இருந்தது. தோலில் ஒட்டிய மயிரைச் சுரண்டும் பெண்களுக்கு எமில் என்ற பெயர் வாயில் நுழையவில்லை. மயில் ஆக்கி, துரையையும் சேர்த்துவிட்டார்கள். தாராவியில் மயில்துரை என்றால் எல்லாருக்கும் தெரியும். ஆனால் வேலை நேரம் போக அவர் எங்கே இருக்கிறார், யாரோடு சாப்பிடுகிறார் என்று யாருக்கும் தெரியாது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடிதம் எதுவும் வருவதில்லை.

அவரோடு ஞாயிற்றுக்கிழமைகளில் போக ஆரம்பித்தவர் ஷாகுல் ஹமீது. தோல்ஷாப்பில் மேஸ்திரி. திருநெல்வேலிக்குப் பக்கத்துப் பேட்டைக்காரர், எமிலைவிடப் பதினைந்து வயது இளையவர். ஒருநாள் தோலுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது எமில், "இந்த உப்பு எங்ஙன வெளையுதுன்னு பாத்திருக்கீரா?" என்று கேட்டார்.

"வண்டியில வரும், சாப். எங்ஙன இருந்துன்னு யாரு கேட்டா?"

அடுத்த ஞாயிறு இருவரும் பாண்டுப் ஸ்டேஷனுக்கு ரயிலில் போய் இறங்கி, சேற்று வரப்புகளில் நடந்தார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் பாத்தி பாத்தியாகத் தண்ணீர். அதற்கு நடுவே வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல்கள். மனுஷ நடமாட்டமே இல்லை. ஒரு கொக்கு எழும்பிப் பறந்தபோது அதன் இறக்கைச் சத்தம் கேட்டது. ஹமீது தாராவிக்கு வந்த நாளாக இப்படி ஒரு சத்தத்தைத் தனியாகக் கேட்டதில்லை. ராத்திரி வீட்டுக்கு வந்ததும் அவர் மனைவி சைனப் கேட்டாள்.

"அப்பிடி என்னதான் இருந்துச்சு அங்க?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாததப் பாக்கவா நாள் முழுக்கப் போனீய?"

"அதான் நல்லாருந்துச்சு" என்றார் ஹமீது.

அதன்பிறகு மாதத்தில் இரண்டு ஞாயிறாவது சேர்ந்து போனார்கள். எமில் அதிகம் பேசமாட்டார். கூரையில்லாத போர்ச்சுகீஸ் மாதாகோயில் ஒன்றின் சுவரைப் பிளந்துகொண்டு வளர்ந்த ஆலமரத்தடியில் ஒரு மத்தியானம் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். வசாய் ஊர் உப்பங்கழியில் தோணிக்காரர் ஒருவர் தன் வலையைக் காயப்போட்டுவிட்டு வந்து இவர்களைக் கடத்திவிட்டார். எங்கே போனாலும் ஊர்க்காரர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: யாரைப் பார்க்க வந்தீர்கள்? ஹமீது ஏதாவது சொல்லிச் சமாளிப்பார். எமில் சிரித்துக்கொண்டு நிற்பார்.

ஒருமுறை பாவ்ச்சா தக்கா படகுத்துறையில் லாஞ்ச் ஏறிக் கடலைத் தாண்டிக் கொங்கணக் கரைக்குப் போயிருந்தார்கள். தென்னந்தோப்புகளுக்குள் ஒரு கிராமம். அங்கே ஒரு சின்ன யூதக் கோயில் இருந்தது. பார்ப்பதற்கு ஓட்டுவீடு போலத்தான். தலைமுறை தலைமுறையாகச் செக்கு ஆட்டி, சனிக்கிழமை மட்டும் ஆட்டாமல் இருந்த குடும்பங்கள் கட்டியது. பாதிப்பேர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள் என்று கதவைத் திறந்துவிட்ட கிழவர் சொன்னார். எமிலின் முகத்தை உற்றுப் பார்த்தவர், நீங்கள் எங்கள் ஆளா என்று கேட்டார். எமில் தலையசைத்தார். கிழவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். உள்ளே அழைத்துப்போய், தலைக்குப் போட ஒரு கைக்குட்டை கொடுத்து, ஓதுங்கள் என்று தள்ளி நின்றுகொண்டார்.

எமில் நின்றார். உதடு அசைந்தது. முதல் இரண்டு வார்த்தைக்குமேல் அவருக்கு வரவில்லை. வெகுநேரம் நின்றுவிட்டு, கைக்குட்டையை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். வெளியே வந்ததும் கிழவர், "ஊரில் உங்கள் ஆட்கள் எல்லாரும் சௌக்கியமா?" என்று விசாரித்தார்.

"யாரும் இல்லை" என்றார் எமில். லாஞ்சில் திரும்பும்போது ஹமீது அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தார்.

*

அறுபத்தைந்து செப்டம்பரில் பாகிஸ்தானோடு சண்டை வந்தது. பம்பாயில் ஜன்னல் கண்ணாடிகளுக்குக் கறுப்புத்தாள் ஒட்டினார்கள். மோட்டார்களின் விளக்குக்குப் பாதி கறுப்புப் பூசினார்கள். பொழுது சாய்ந்தால் நகரமே தடவிக்கொண்டு நடந்தது.

"இப்ப எங்கயும் போகவேண்டாம், சாப்" என்றார் ஹமீது.

"தூரமா போகல. செம்பூருக்கு அங்கிட்டு, கழி ஓரம் வரைக்கும். மத்தியானத்துக்குள்ள வந்துரலாம்."

மழை ஓய்ந்து வெயில் அடித்த காலை. செம்பூர் வரை ரயில். அணுசக்தி வேலைக்குப் போகிறவர்களின் பஸ் ஞாயிறு என்பதால் ஓடவில்லை. ரோடு காலியாகக் கிடந்தது. கழி ஓரத்தில் வரைபடத்தில் பெயர் போடாத ஒரு மேடு இருந்தது. அது என்ன என்று பார்க்கவேண்டும் எமிலுக்கு. போய்ப் பார்த்தால் இடிந்த ஒரு காவல்கூண்டும் நாலு ஈச்சமரமும். எமில் தூரக்கண்ணாடியை எடுத்து, சேற்றில் மேய்ந்துகொண்டிருந்த பறவைகளைப் பார்த்தார். வரைபடம் அவர் மடியில் விரிந்து கிடந்தது.

பக்கத்துக் குப்பத்திலிருந்து ஆட்கள் வந்ததை இருவரும் கவனிக்கவில்லை. நிமிர்ந்தபோது சுற்றிலும் இருபது பேருக்குக் குறையாமல் நின்றார்கள். வெள்ளைக்காரன், தூரக்கண்ணாடி, வரைபடம். ஒரு பக்கம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கி, மறுபக்கம் அணு உலையின் குவிமாடம். அவர்களுக்கு வேறு என்ன வேண்டும்? ஒருவன் ஹமீதின் சட்டையைப் பிடித்துப் பெயர் கேட்டான். ஹமீது சொன்னார்.

அடி சடாரென்று விழுந்தது. கன்னத்தில் ஒன்று, அவர் குனிந்ததும் பிடரியில் ஒன்று. எமில் "அவரை விடுங்கள், என்னைக் கேளுங்கள்" என்று மராத்தி, ஹிந்தி, தமிழ் எல்லாவற்றையும் கலந்து கத்தினார். அவரை யாரும் அடிக்கவில்லை. ஒருவன் அவர் தோளைப் பிடித்துப் பதமாகவே ஒதுக்கி நிறுத்தினான். அந்தப் பதம் எமிலுக்கு ரொம்பநாள் மறக்கவில்லை.

கூட்டம் இருவரையும் கொண்டுபோய் விட்ட போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் எமிலுக்கு நாற்காலி போடச் சொன்னார். ஹமீது சுவரோரமாக நின்றார். உதடு கிழிந்து ரத்தம் காய்ந்திருந்தது.

"பாகிஸ்தானில் உனக்கு யார் இருக்கிறார்கள்?" என்று இன்ஸ்பெக்டர் ஹிந்தியில் கேட்டார்.

"யாருமில்லை, சாப். எல்லாரும் திருநெல்வேலியில்."

"அது எங்கே இருக்கிறது?"

"மதராஸுக்கும் தெற்கே."

இன்ஸ்பெக்டர் எமிலிடம் திரும்பி இங்கிலீஷில் எந்த நாடு என்று கேட்டார். எமில் இந்தியா என்றார். பிரஜை ஆகிப் பத்து வருஷமாகப் போகிறது என்றும், பத்திரம் அறையில் இருக்கிறது என்றும் சொன்னார்.

"பிறந்தது?"

"வியன்னா."

"அப்படியென்றால் ஜெர்மன்காரர்."

எமில் மேஜையைப் பார்த்தபடியே சொன்னார். "நான் ஜெர்மன்காரன் இல்லை என்று சொல்லி அங்கே துரத்தினார்கள். இங்கே வந்தேன். சண்டை வந்ததும் பிரிட்டிஷ் போலீஸ் நான் ஜெர்மன்காரன் என்று சொல்லிப் பிடித்துக்கொண்டு போனது. ஐந்து வருஷம் ஒரு மலைக்கோட்டையில் வைத்திருந்தார்கள். அங்கிருந்து வெளியே விட்டபோது என் ஊரில் என் வீட்டு மனிதர்கள் ஒருவரும் மிச்சம் இல்லை. இப்போது நான் யார் என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்."

ஹமீதுக்கு இங்கிலீஷ் அரைகுறைதான். ஆனால் இதில் பெரும்பாலும் புரிந்தது. இத்தனை வருஷம் பக்கத்தில் நடந்த மனிதர் இதை ஒருநாளும் சொன்னதில்லை.

தோல்ஷாப் முதலாளி வந்து பேசி, சாயங்காலம் விட்டார்கள். தூரக்கண்ணாடியும் வரைபடமும் ஸ்டேஷனில் தங்கிவிட்டன. சயான் வரை மூவரும் டாக்ஸியில் வந்தார்கள். இறங்கும்போது எமில், "ஹமீது" என்று கூப்பிட்டார். ஹமீது திரும்பினார்.

"வாரேன், சாப்" என்று சொல்லிவிட்டு ஹமீது சந்துக்குள் போனார்.

வீட்டில் சைனப் உப்பை வறுத்துத் துணியில் கட்டி, அவர் கன்னத்தில் ஒற்றடம் கொடுத்தாள். அழவில்லை. ஒற்றடம் முடிந்த பிறகுதான் பேசினாள்.

"அவரு நல்ல மனுசர்தான். நான் இல்லைங்கல. ஆனா அவருக்கு நாக்காலி, உங்களுக்குச் செவுரு. இனிமே போகக்கூடாது."

அவள் சொன்னதில் ஹமீதுக்கு மறுக்க எதுவும் இல்லை.

*

அதற்குப் பிறகு தோல்ஷாப்பில் இருவரும் வேலையைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டார்கள். சுண்ணாம்பு இன்னும் ஒருநாள் ஊறட்டும். இந்தச் சரக்கில் கீறல் அதிகம். அவ்வளவுதான். ஹமீதுக்கு ஏதும் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் மத்தியானம் சாப்பிட்ட பிறகு தோல்ஷாப்பில் எமிலின் அறைக்கு அவர் வந்து, அடுத்த ஞாயிறு எங்கே என்று கேட்கும் வழக்கம் நின்றுவிட்டது.

மாட்டுங்காவில் எமில் இருந்த வீட்டின் சொந்தக்காரர் திருவேங்கடம். ரயில்வே ஆபீசில் வேலை. கீழ்த்தளத்தில் குடும்பத்தோடு இருந்தார். ஒரு காலை, மாடிப்படியில் இறங்கிவந்த எமிலை நிறுத்தினார்.

"மிஸ்டர் ரோத், தப்பா எடுத்துக்கப்படாது. உங்களப் பத்தி நேக்குத் தெரியாதா? இத்தனை வருஷமா குடியிருக்கேள். ஆனா, எதிர்த்த பில்டிங்காரா என்னென்னமோ பேசிக்கறா. உங்க ஜன்னல்ல வெளிச்சம் தெரியறதாம். நீங்க கொஞ்ச நாளைக்கு…"

"லைட்டு போடுறதே இல்ல" என்றார் எமில். "இருட்டுலதான் இருக்கேன்."

திருவேங்கடத்துக்குச் சங்கடமாகிவிட்டது. "அதுக்குச் சொல்லலை" என்று ஆரம்பித்தவர், காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். எமில் வேண்டாமென்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அறையிலேயே இருந்தார். இத்தனை வருஷத்தில் தன் தெருவின் ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கும் என்று அவர் பார்த்ததில்லை. காலையில் பூக்காரி வருவாள். பிறகு எண்ணெய் தேய்த்துக் குளித்த தலையைத் துவட்டிக்கொண்டு பெண்கள் பால்கனிக்கு வருவார்கள். பத்து மணிக்கு எல்லா வீட்டு ரேடியோவிலும் ஒரே பாட்டு. மத்தியானம் தெரு முழுக்க ஒரே சாம்பார் மணம். சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாக் கதவும் சாத்தப்படும். அந்த இரண்டு மணி நேரம்தான் கஷ்டம். உள்ளே எல்லாரும் பாய்விரித்துப் பக்கத்தில் பக்கத்தில் படுத்துத் தூங்குகிறார்கள் என்பது சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும். தெரியாத ஊர்களில் தனியாக நடப்பது அவருக்குத் தனிமையாக இருந்ததே இல்லை. அங்கே எவருக்கும் அவர் அந்நியர். அதில் ஒரு நியாயம் இருந்தது. பன்னிரண்டு வருஷம் குடியிருந்த தெருவில் அந்நியராக உட்கார்ந்திருப்பது வேறு மாதிரி இருந்தது.

சண்டை நின்றது. ஜன்னல்களில் ஒட்டிய கறுப்புத்தாளைச் சுரண்டி எடுத்தார்கள். எமில் தன் ஜன்னலில் ஒட்டியதை எடுக்கவில்லை. வருஷம் முடிந்தது.

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் தாராவியில் ஹமீதின் வீட்டு வாசலில் வந்து நின்றார். இத்தனை நாளில் அவர் அந்த வீட்டுக்கு வந்ததில்லை. ஹமீது பதறிப்போய் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். சைனப் கதவுக்குப் பின்னால் நின்றாள். எமில் உட்கார்ந்து, டீயைக் குடித்து முடித்து, அவளைப் பார்த்துப் பேசினார்.

"தாயி, நான் ஒரு இடத்துக்குப் போகணும். தனியா போகப் பயமா இருக்கு. ஹமீத அனுப்புவியளான்னு கேக்க வந்தேன்."

"எங்க?" என்றாள் சைனப்.

"பூனாவுக்கு அங்கிட்டு ஒரு மலை. மேல கோட்டை. என்னைய அடைச்சு வச்சிருந்த எடம்."

"அங்க எதுக்குப் போகணும்?"

எமில் டீக் கிளாஸைக் கீழே வைத்தார். "கோட்டைச் செவுத்துல ஒரு எடத்துல நின்னா கீழ ஒரு ஊரு தெரியும். பத்துப் பதினஞ்சு வீடு. விடியுறதுக்கு முன்னால யாரோ ஒருத்தரு வெளக்க எடுத்துட்டு ஒரு வீட்டுலேர்ந்து எறங்கிப் போவாரு. அஞ்சு வருசமும் பாத்தேன். அது என்ன ஊருன்னு காவக்காரங்கள்ட்ட கேட்டா சொல்ல மாட்டாங்க. வெளிய விட்ட அன்னைக்கு லாரியில ஏத்தி நேரா ரயிலுக்குக் கொண்டுபோயிட்டாங்க. எம்புட்டோ ஊருக்குப் போயிட்டேன். அங்க மட்டும் போகல."

"ஏன் போகல?"

"தெரியல, தாயி. போலீசு ஸ்டேசன்ல அந்தப் பேச்ச எடுத்ததுலேர்ந்து அந்த வெளக்குதான் கண்ணுல நிக்குது."

உள்ளே குழந்தை ஒன்று இருமியது. சைனப் போய்த் தட்டிக்கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"அங்க போலீசு இருக்குமா?"

"இருக்கலாம்."

"அப்ப நானும் வாரேன்" என்றாள். ஹமீது திரும்பிப் பார்த்தார். "இவங்கள வெறும் ஆம்பளையளா அனுப்புனா அடி வாங்கிட்டு வாராங்க. பொம்பள கூட இருந்தா கை வைக்க யோசிப்பானுவ. பூனாவுலதான் எங்க சின்னம்மா மவன் இருக்கான். அங்க தங்கிக்கிடலாம். பிள்ளையள எங்க மயினி பாத்துக்கிடுவா."

அவள் அதுவரை பார்த்த ஊர்கள் பேட்டை, தாராவி, நடுவில் ரயில் ஜன்னலில் வந்தவை.

*

மலை அடிவாரத்தில் பஸ் இறக்கிவிட்டபோது நல்ல குளிர். சைனப் வெள்ளைத் துப்பட்டியை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் ஏறினாள். நின்று நின்று மூச்சு வாங்கினாலும், திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் கீழே வயல்கள் சின்னதாகிக்கொண்டே போவது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. "இதுக்குத்தான் போறீயளா ரெண்டு பேரும்" என்றாள் ஒருமுறை. எமில் கடைசியாக வந்தார். பாதையின் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றார். லாரியில் மூடிய படுதாவுக்குள் உட்கார்ந்து ஏறிய பாதை இது. அவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

கோட்டை வாசலில் ராணுவ ஜவான் ஒருவன் துப்பாக்கியோடு நின்றான். உள்ளே ராணுவத்தாருக்குப் பயிற்சி நடக்கிறது, பாஸ் இல்லாமல் விடமுடியாது என்றான். எமில் தன் பிரஜைப் பத்திரத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார். எடுத்துக் காட்டினார். ஜவான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து மரியாதையாகக் கொடுத்துவிட்டான்.

"நான் இங்கே ஐந்து வருஷம் இருந்தவன்" என்றார் எமில் ஹிந்தியில்.

"எந்த ரெஜிமெண்ட்?"

எமில் சிரித்துவிட்டார். அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து ஹமீது பார்த்ததில்லை. சிரிப்பு அடங்க நேரம் ஆனது. ஜவானும் என்னவென்று தெரியாமல் கூடச் சிரித்தான். ஆனால் விடவில்லை.

வெளிச்சுவரை ஒட்டி ஆடு மேய்ப்பவர்கள் நடக்கும் தடம் இருந்தது. அதில் சுற்றிக்கொண்டு போனார்கள். ஓரிடத்தில் எமில் நின்றுவிட்டார். தலைக்குமேல் சுவர். கீழே சரிவு. சரிவு முடியும் இடத்தில் ஒரு கிணறு, வேப்பமரம், ஓட்டு வீடுகள். "இதான்" என்றார்.

இறங்க மத்தியானம் ஆகிவிட்டது. சின்ன ஊர். வீடுகளுக்கு நடுவே எருமைகள் கட்டியிருந்தன. நாய் குரைத்ததும் ஆட்கள் வெளியே வந்தார்கள். எப்போதும் கேட்கிற கேள்வியையே கேட்டார்கள். யாரைப் பார்க்க வந்தீர்கள்? ஹமீது ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் சைனப் தன் தாராவி ஹிந்தியில், "இவர் ரொம்பநாள் இந்த ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தவர். கிட்டப் பார்க்க வந்திருக்கிறார்" என்றாள். அவர்களுக்கு அது புரிந்ததோ இல்லையோ, உட்காரச் சொல்லி ஒரு கயிற்றுக்கட்டிலை இழுத்துப்போட்டார்கள். ஒரு பெண் சோள ரொட்டியும் நசுக்கிய வெங்காயமும் கொண்டுவந்தாள்.

எமில் ஊரின் பெயரைக் கேட்டார். சொன்னார்கள். அதை அவர் வாய்க்குள் மறுபடி மறுபடி சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு விளக்கைப் பற்றிக் கேட்டார். பிரிட்டிஷ்காரன் காலத்துச் சண்டையின்போது, விடியுமுன் விளக்கோடு கிளம்பிப் போனவர் யார்?

கட்டிலைச் சுற்றி ஒரு சின்ன விவாதம் நடந்தது. பால் கொண்டுபோனவராக இருக்கும் என்றார் ஒருவர். மாடு திருட்டுப் போகாமல் காவல் இருந்தவர் என்றார் இன்னொருவர். அந்தக் காலத்தில் யார் எங்கே போனார்கள் என்று யாருக்கு ஞாபகம்? எல்லாரும்தான் விளக்கு எடுத்துக்கொண்டு போவோம் என்றாள் ரொட்டி கொடுத்தவள்.

"மேலே கோட்டையில் வெள்ளைக்காரர்களை அடைத்து வைத்திருந்தார்களே, தெரியுமா?"

கோட்டையில் எப்போதும் சர்க்கார் ஆட்கள் யாராவது இருப்பார்கள், நாங்கள் மேலே போவதில்லை என்றார்கள்.

எமில் எழுந்து, கிணற்றடிக்குப் போய் நிமிர்ந்து பார்த்தார். ஹமீதும் கூடப் போய் நின்றார். மலை நெட்டுக்குத்தாக நின்றது. உச்சியில் கறுப்பாக ஒரு கோடு, அதுதான் சுவர். ஜன்னல் தெரியவில்லை. ஆள் நின்றால் ஆள் தெரியாது. விளக்கு வைத்தாலும் நட்சத்திரம் என்றுதான் நினைப்பார்கள்.

"இங்ஙனேர்ந்து பாத்தா ஒண்ணுமே தெரியல" என்றார் எமில்.

"ஆமா, சாப்."

"அந்த வெளக்கு போகையில நான் கைய ஆட்டுவேன். தெனமும். அந்தாளு ஒருநாளாவது பாத்திருப்பாருன்னு நெனச்சேன்."

ஹமீது அவர் தோளில் கை வைத்தார். இதற்குமுன் அவர் அப்படிச் செய்ததில்லை. எமில் இன்னும் கொஞ்சநேரம் மேலே பார்த்துவிட்டு, வாளியை இறக்கித் தண்ணீர் இறைத்து முகம் கழுவிக்கொண்டார். கட்டிலில் உட்கார்ந்திருந்த சைனப் அதற்குள் அந்தப் பெண்ணிடம் சோள மாவு பிசைகிற பக்குவம் கேட்டுக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது நாலைந்து பேர் பஸ் ரோடு வரை வந்தார்கள்.

பஸ்ஸில் பாதிவழியில் ஒரு போலீஸ்காரர் ஏறினார். எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். ஹமீதின் தொப்பியில் அவர் கண் நின்று, பிறகு நகர்ந்தது. ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அந்த நேரத்தில் ஹமீதின் கை தன்னையறியாமல் கன்னத்துக்குப் போய்விட்டதை எதிர் சீட்டில் இருந்த எமில் பார்த்தார்.

ராத்திரி பம்பாய் ரயிலில் சைனப் ஜன்னலோரம் தூங்கிவிட்டாள். ஹமீது உற்சாகமாக இருந்தார். "கல்யாணுக்கு அங்கிட்டு ஒரு ஆறு போகுதே, சாப். அந்தக் கரையோடயே நடந்தா எங்க போயி சேரும்? அடுத்த ஞாயித்துக்கெழம பாப்பமா?"

"நான் பாத்துட்டு வந்து சொல்லுதேன்" என்றார் எமில்.

ஹமீதுக்கு முதலில் புரியவில்லை.

"நீரு வரவேண்டாம், ஹமீது. வழி தப்புறது நானு. அடி உமக்கு விழுது. அது சரியில்ல."

"எல்லா நாளுமா அடிக்கப்போறான்?"

"ஒருநாள் போதும்."

ஹமீது மறுத்துப் பேசிப் பார்த்தார். சண்டைதான் முடிந்துவிட்டதே என்றார். எமில் கேட்டுக்கொண்டார், தலையாட்டினார், முடிவை மாற்றவில்லை. கர்ஜத் வந்தபோது இறங்கி மூன்று வடை வாங்கி வந்தார். சைனபை எழுப்பவேண்டாம் என்று அவளுடையதைத் தாளில் சுற்றி அவள் மடியில் வைத்தார்.

அதிலிருந்து எமில் தனியாகத்தான் போனார். போலீசில் கேட்டு வரைபடத்தைத் திரும்ப வாங்கவில்லை. புதிதாக ஒன்று வாங்கவும் இல்லை. கிடைத்த வண்டியில் ஏறி, தோன்றிய இடத்தில் இறங்கினார். திங்கட்கிழமை மத்தியானங்களில் எங்கே போனார், அங்கே என்ன இருந்தது என்று ஹமீதிடம் சொல்வார். முதலில் விவரமாகச் சொன்னார். ஒரு வருஷம் போல அது நடந்தது. பிறகு ஹமீது தோல்ஷாப்பை விட்டு, சொந்தமாகத் தோல்பெட்டி தைக்கும் பட்டறை போட்டார். ஞாயிற்றுக்கிழமையும் மிஷின் ஓடியது. திங்கட்கிழமைப் பேச்சு நின்றுபோனது. எப்போதாவது சந்தில் எதிர்ப்பட்டால் நலம் விசாரித்துக்கொள்வார்கள். பெருநாளைக்கு மட்டும் சைனப் ஒரு தூக்குச்சட்டியில் பிரியாணி போட்டு மாட்டுங்காவுக்குக் கொடுத்தனுப்புவாள். சட்டி கழுவித் துடைத்து, உள்ளே ஏதாவது பழத்தோடு திரும்பி வரும்.

அறுபத்தெட்டில் ஒரு ஞாயிறு காலை, மூத்த மகளின் நிச்சயத்துக்குத் துணி எடுக்க ஹமீதும் சைனபும் தாதருக்குப் போயிருந்தார்கள். பிளாட்பாரத்தில் கூட்டத்தோடு நடந்துகொண்டிருந்தபோது சைனப்தான் முதலில் பார்த்தாள். எதிர்ப் பிளாட்பாரத்தில், கான்வாஸ் பையைத் தோளில் போட்டுக்கொண்டு எமில் நின்றிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. கூலிக்காரர் ஒருவரிடம் குனிந்து ஏதோ கேட்டார். கூலிக்காரர் வடக்குப் பக்கம் கையை நீட்டினார், பிறகு உதட்டைப் பிதுக்கினார்.

"மயில்துரைல்லா?" என்றாள் சைனப். "கூப்பிடுங்க."

"சாப்" என்று ஹமீது கூப்பிட்டார். நடுவில் வேகவண்டி ஒன்று தடதடவென்று போனது. அது கடந்து முடிந்தபோது எதிர்ப் பக்கம் நின்றிருந்த வண்டியும் நகரத் தொடங்கியிருந்தது. பிளாட்பாரத்தில் அவர் இல்லை.

"பின்னாலயே அடுத்த வண்டியில போங்களேன்" என்றாள் சைனப். "துணிய நான் எடுத்துக்கிடுதேன்."

அவள் நிஜமாகத்தான் சொன்னாள். ஹமீது கடைசிப் பெட்டி மறையும்வரை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்க எறங்குவாருன்னு அவருக்கே தெரியாதே, சைனபு" என்றார். பிறகு இருவரும் துணிக்கடைப் பக்கம் நடந்தார்கள்.